காண்டாக்ட் ஷீட்டில் எந்தப் படம்? இசை நிகழ்ச்சிப் படங்களைத் தேர்ந்தெடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேடைக்கு முன்னால் நின்று படம் எடுப்பதைப் பற்றிக் கேட்க நிறையப் பேர் இருக்கிறார்கள். எடுத்ததில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்பவர்களும் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நிகழ்ச்சிகளை எடுத்துவிட்டு, எண்ணூறு படங்களை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருப்பவர்கள்தான். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் ஃபிலிமில் தொடங்கி டிஜிட்டலுக்கு வந்தவன். பதில்களிலும் இரண்டும் கலந்துதான் வரும்.

காண்டாக்ட் ஷீட் என்பது சரியாக என்ன?

கழுவிய நெகட்டிவைத் துண்டுகளாக வெட்டி, இருட்டறையில் போட்டோ தாளின் மேல் நேராகப் பரப்பி, மேலே கண்ணாடி வைத்து அழுத்தி, சில விநாடி வெளிச்சம் காட்டி எடுக்கும் பிரிண்ட். பெரிதாக்குவது கிடையாது; நெகட்டிவ் என்ன அளவோ படமும் அதே அளவு. 35 மி.மீ. சுருளில் 36 ஃபிரேம். ஆறு ஆறாக வெட்டினால் ஆறு பட்டை, 8க்கு 10 அங்குலத் தாளில் அடங்கிவிடும். ஒவ்வொரு படமும் 24க்கு 36 மி.மீ., ஏறக்குறைய ஒரு தபால்தலை. 120 ஃபிலிம் போடும் சதுரக் கேமராவில் ஒரு சுருளுக்கு 12 படம். அவை கொஞ்சம் பெரிதாக இருக்கும், கண்ணுக்கு வேலை குறைவு.

நெகட்டிவ் இல்லாமல் நேரடியாகப் படமே கிடைக்கும் ஸ்லைடு ஃபிலிமில் எடுத்தவர்களுக்கு வழக்கமாக இது கிடையாது. சட்டமிட்ட ஸ்லைடுகளை, அடியிலிருந்து வெளிச்சம் வரும் லைட் டேபிளில் அடுக்கிப் பார்ப்பார்கள். அதில் ஒரு குறை உண்டு: ஸ்லைடு கலைந்துவிடும். காண்டாக்ட் ஷீட் கலையாது. எடுத்த வரிசை, தப்பிய தருணம், தவறுதலாகத் தரையைப் பிடித்த படம் எல்லாம் எடுத்த இடத்திலேயே இருக்கும். நிறையப் புகைப்படக்காரர்கள் தங்கள் ஷீட்டை அடுத்தவருக்குக் காட்டத் தயங்குவதற்குக் காரணம் அதுதான்.

இப்போது யார் ஃபிலிம் போடுகிறார்கள்? இதைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது?

ஷீட் போனாலும், அது கற்றுக்கொடுத்த பார்க்கும் முறை போகவில்லை. எந்த மென்பொருளிலும் சிறுபடங்களைக் கட்டம் கட்டமாகக் காட்டும் வசதி இருக்கிறது. அது காண்டாக்ட் ஷீட்டேதான். ஆனால் புதியவர்கள் அங்கே நிற்பதில்லை. முதல் படத்தைத் திரை முழுக்கத் திறந்து, அம்புக்குறியைத் தட்டித் தட்டி எண்ணூறையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். நூறாவது படம் வரும்போது கண் மரத்துப்போகிறது. அதுவரை கறாராக இருந்தவர் அதற்கப்புறம் எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் போடுவார், அல்லது எதற்குமே போடமாட்டார்.

ஒரு பாட்டுக்கு எடுத்ததை மொத்தமாக ஒரே கட்டத்தில் வைத்துப் பாருங்கள். பாடகர் எப்போது முன்னால் வந்தார், எப்போது விளக்கு மாறியது, நீங்கள் எங்கே பொறுமை இழந்து வேறு பக்கம் திரும்பினீர்கள் என்பதெல்லாம் அங்கே தெரியும்.

சரி, முதலில் எதைப் பார்ப்பது?

முதலில் லூப்பைத் தொடாதீர்கள். லூப் என்பது ஷீட்டின் மேல் வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கி. ஷீட்டைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டு, கண்ணைக் கொஞ்சம் சுருக்கி, மொத்தத்தையும் பாருங்கள். முகம் தெரியாது, விரல் தெரியாது. கருப்பும் வெள்ளையும் எப்படி விழுந்திருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். தபால்தலை அளவில் கண்ணை இழுக்கும் படத்துக்கு எலும்பு சரியாக இருக்கிறது என்று பொருள். உடல் வளைந்த விதம், பின்னாலிருந்து வரும் வெளிச்சம், மைக் ஸ்டாண்டின் சாய்வு ஆகியவைதான் அந்த அளவிலும் நிற்கும்.

ஷீட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பதும் பழைய பழக்கம். கிறுக்குத்தனம் போலத் தோன்றும். ஆனால் தலைகீழாக இருக்கும்போது ‘இவர் யார்’ என்ற கேள்வி மறைந்துவிடுகிறது. புகழ்பெற்றவர் முகம் என்பதாலேயே ஒரு சாதாரணப் படத்தை நல்ல படம் என்று நம்பிவிடும் தவறு அப்போது நடக்காது.

இப்படிப் பார்த்து முதல் சுற்றில் குறிப்பது ஒரு சுருளுக்கு நான்கைந்து இருக்கலாம். அதற்கப்புறம்தான் லூப்.

லூப்பில் எதைத் தேடுவது?

இசைப் படங்களுக்கே உரிய சில தொல்லைகள் உண்டு. முதலாவது மைக். பாடகர் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்தால் பாதி முகம் போய்விடும். விளக்கு மேலிருந்து வந்தால் மைக்கின் நிழல் தாடையில் கரும்புள்ளியாக விழும். நல்ல படங்கள் பெரும்பாலும் பாடும் கணத்தில் கிடைப்பதில்லை. வரி முடிந்து மூச்சு வாங்க முகத்தைப் பின்னால் இழுக்கும் அந்த அரை விநாடியில் கிடைக்கும். ஷீட்டில் அந்த ஃபிரேமைத் தேடுங்கள்.

அடுத்தது வாய். சில எழுத்துகள் முகத்தைக் கெடுக்கும். ‘ஆ’, ‘ஓ’ என்று திறந்த வாய் பாடுவது போலவே தெரியும். ‘ஈ’ என்று இழுக்கும்போது எரிச்சலில் பல்லைக் கடிப்பது போலத் தெரியும். ‘ம்’மில் வாய் மூடிவிடும், பாட்டே நின்றுபோனது போல இருக்கும். ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்து ஃபிரேம்களில் இந்த வேறுபாடு அப்பட்டமாகத் தெரியும்.

கண் மூடியிருந்தால் தள்ளிவிட வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இசையில் அப்படி இல்லை. லயித்து மூடிய கண்ணும் இமைக்கும்போது பாதி மூடிய கண்ணும் வேறு வேறு. முதலாவதில் புருவம், நெற்றி, கழுத்து எல்லாம் சேர்ந்து மூடியிருக்கும். இரண்டாவதில் இமை மட்டும் இறங்கியிருக்கும், ஆள் தூக்கத்தில் இருப்பவர் போல இருப்பார். லூப்பில் இது தெளிவாகத் தெரியும்.

கைகளைப் பார்க்காமல் விடாதீர்கள். கிட்டாரின் தலைப்பகுதி சட்டத்துக்கு வெளியே போயிருந்தால், கை துண்டானது போலப் படம் முடமாகிவிடும். டிரம்மருக்குக் குச்சி மேலே இருக்கும் ஃபிரேம் வேண்டும். கீழே அடித்துவிட்ட கணத்தில் அவர் வெறுமனே உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அவர் முகத்தைச் சிம்பல் தட்டு மறைப்பது வேறு தலைவலி. சாக்ஸஃபோன் வாசிப்பவரின் கன்னம் உப்பியிருப்பது சிலருக்கு அழகாக அமையும், சிலருக்குக் கேலிச்சித்திரம் ஆகிவிடும். அதை அவரவர் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பியானோக்காரரிடம் முகமும் விரலும் ஒரே ஃபிரேமில் கிடைத்தால் கொண்டாடலாம்.

குதிக்கும் படமா? உச்சியில் இருக்கும் ஃபிரேமைத் தேடுங்கள். ஏறுவதும் இறங்குவதும் மாறும் அந்தப் புள்ளியில் மேல்கீழ் வேகம் ஒரு கணம் இல்லாமல் போவதால், குறைந்த வெளிச்சத்தில் மெதுவான ஷட்டர் வைத்து எடுத்திருந்தாலும் உடல் கலங்காமல் இருக்கும். முடி மட்டும் பறக்கும்.

கடைசியாக ஓரங்கள். வெளியேறும் வழி என்று எரியும் பலகை, தண்ணீர் பாட்டில், மேடையோரம் கைகட்டி நிற்கும் ஊழியர். எடுக்கும்போது இவை கண்ணில் படவே படாது.

ஷீட்டில் சில ஃபிரேம்கள் கருப்பாகவோ வெளுப்பாகவோ இருக்கின்றன. அவற்றை விட்டுவிடலாமா?

அவசரப்படாதீர்கள். காண்டாக்ட் ஷீட்டில் 36 ஃபிரேமுக்கும் ஒரே அளவு வெளிச்சம்தான் காட்டப்படுகிறது. மேடை விளக்கோ நொடிக்கு நொடி மாறும். ஆகவே வெளிச்சம் குறைவாகப் பட்டு நெகட்டிவ் மெலிந்த ஃபிரேம் ஷீட்டில் கருத்துத் தெரியும், அதிகம் பட்டு அடர்ந்த ஃபிரேம் வெளுத்துத் தெரியும். தனியாகப் பிரிண்ட் போடும்போது இரண்டையும் ஓரளவு சரிசெய்ய முடியும். சந்தேகம் வந்தால் நெகட்டிவையே லைட் டேபிளில் வைத்துப் பாருங்கள். நிழலில் ஏதாவது விவரம் பதிந்திருந்தால் படம் உயிரோடு இருக்கிறது. நெகட்டிவில் அந்த இடம் வெறும் கண்ணாடி போல இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

டிஜிட்டலில் இதே சிக்கல் சிவப்பு விளக்கால் வரும். சிவப்பு எல்.இ.டி. வெளிச்சத்தில் முகம் ஒரே சிவப்புத் திட்டாக, மூக்கும் கன்னமும் பிரியாமல் தெரியும். படத்தைக் கருப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். படத்தில் தனித்தனியாகப் பதிந்திருக்கும் பச்சை, நீல நிறத் தடங்களில் விவரம் மிச்சமிருந்தால் முகம் திரும்பி வரும்.

ஃபோகஸ் தப்பிய படத்தைத் தேர்ந்தெடுக்கலாமா?

இந்தக் கேள்விக்கு வரலாறே பதில் சொல்லிவிட்டது. 1979 செப்டம்பரில் நியூயார்க்கின் பலேடியம் அரங்கில் தி கிளாஷ் என்ற ராக் குழு வாசித்தது. பேஸ் கிட்டார்காரர் பால் சிமனான் கோபத்தில் கிட்டாரை மேடையில் ஓங்கி அடித்தார். மேடையோரத்தில் நின்ற புகைப்படக்காரர் பென்னி ஸ்மித் அதை எடுத்தார். ஆள் தன்னை நோக்கி வர, பின்னால் நகர்ந்துகொண்டே எடுத்ததால் படம் கூர்மையாக இல்லை. இது ஆல்பம் அட்டைக்கு வேண்டாம், ஃபோகஸ் இல்லை என்று அவரே மறுத்தார். பாடகர் ஜோ ஸ்ட்ரம்மரும் அட்டையை வடிவமைத்த ரே லௌரியும் அதுதான் வேண்டும் என்று நின்றார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ‘லண்டன் காலிங்’ அட்டையில் வந்த அந்தப் படத்தை ராக் இசையின் தலைசிறந்த படங்களில் ஒன்றாக இன்றும் சொல்கிறார்கள்.

பாடகர் பாப் டிலனின் 1966 ஆல்பமான ‘பிளாண்ட் ஆன் பிளாண்ட்’ அட்டையும் அப்படித்தான். ஜெர்ரி ஷாட்ஸ்பெர்க் எடுத்தது. கடும் குளிர், எடுப்பவரும் நடுங்கினார், நிற்பவரும் நடுங்கினார். கூர்மையான படங்களும் அந்தத் தொகுப்பில் இருந்தன. கலங்கிய படத்தைத் தேர்ந்தெடுத்தவர் டிலன். போதை அனுபவத்தைக் காட்டத்தான் அப்படிச் செய்தார்கள் என்று பிறகு பலர் விளக்கம் எழுதினார்கள். நிஜக் காரணம் குளிர்!

இதை வைத்து, கலங்கிய படமெல்லாம் கலை என்று கிளம்பிவிடாதீர்கள். பென்னி ஸ்மித்தின் படத்தில் உடலின் வளைவு அவ்வளவு தெளிவு. தபால்தலை அளவிலும் என்ன நடக்கிறது என்று புரியும். கலங்கல் அந்த வேகத்தோடு சேர்ந்து ஓடுகிறது. அசையாமல் நிற்கும் பாடகரின் முகம் கலங்கி, பின்னாலிருக்கும் ஸ்பீக்கர் பெட்டி மட்டும் கூர்மையாக இருந்தால், அது வெறும் தப்பு.

ஒரே மாதிரி ஆறு படம் இருக்கிறது. எதை எடுப்பது?

இரண்டு இரண்டாக வைத்து ஒப்பிடுங்கள். ஜெயித்ததை அடுத்ததோடு வையுங்கள். ஆறையும் ஒருசேர வைத்தால் மனம் அலையும்.

இதற்கு ஏற்ற உதாரணம் பீட்டில்ஸின் ‘அபே ரோடு’ அட்டை. 1969 ஆகஸ்ட் 8 அன்று புகைப்படக்காரர் இயான் மெக்மிலன் சாலை நடுவில் ஏணி போட்டு ஏறி நின்றார். ஒரு போலீஸ்காரர் போக்குவரத்தை நிறுத்திக் கொடுத்தார். நால்வரும் பாதசாரிக் கோட்டில் முன்னும் பின்னும் நடந்தார்கள். கிடைத்தது சுமார் பத்து நிமிடம், எடுத்தது 6 படம். நால்வரில் ஒருவரான பால் மெக்கார்ட்னி உருப்பெருக்கியோடு உட்கார்ந்து ஐந்தாவதைத் தேர்ந்தெடுத்தார். அதில் நால்வரின் கால்களும் கத்தரிக்கோல் போல ஒருசேர விரிந்திருக்கின்றன. மற்றவற்றில் அது கூடிவரவில்லை. அதிலும் மெக்கார்ட்னி மட்டும் மற்ற மூவரோடு சேராமல் மாற்றுக்கால் எடுத்து வைக்கிறார். படத்தை ஒரு அணிவகுப்பு ஆகாமல் காப்பாற்றுவது அதுதான் என்பது என் எண்ணம்.

இப்போதைய கேமராக்கள் விநாடிக்கு இருபது படம் எடுக்கின்றன. ஆறு என்பது அறுபதாகிவிட்டது. அந்த அறுபதில் உண்மையில் வேறுபடுவது மூன்றோ நான்கோதான். அவற்றை முதலில் பிரித்துவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள்.

அன்றிரவே தேர்ந்தெடுப்பதா, ஆறப் போடுவதா?

முடிந்தால் ஆறப் போடுங்கள். தெருப் படங்களுக்குப் பெயர்போன கேரி வினோகிராண்ட் எடுத்த சுருள்களை ஒரு வருடம்வரைகூடக் கழுவாமல் வைத்திருப்பார். எடுத்த நாளின் மனநிலை மறந்த பிறகுதான் படத்தைப் படமாகப் பார்க்க முடியும் என்பது அவர் கருத்து. 1984இல் அவர் இறந்தபோது கழுவாத சுருள்கள் மட்டும் ஏறத்தாழ 2,500 இருந்தன. அந்த அளவுக்குப் போக வேண்டாம்.

இசை எடுப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் மற்றவர்களைவிட அதிகம். காதில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பாட்டின் உச்சத்தில் எடுத்த படம் உங்களுக்கு மயிர்க்கூச்செறியும். பார்ப்பவருக்கு அதில் ஒரு ஆள் வாயைத் திறந்து நிற்பது மட்டும் தெரியும். நிகழ்ச்சியின் சிறந்த கணமும் ஷீட்டின் சிறந்த படமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். நான் தொடங்கிய காலத்தில் இரவோடிரவாகத் தேர்ந்தெடுத்து அனுப்பிய படங்களை, வாரம் கழித்துப் பார்த்து வெட்கப்பட்டிருக்கிறேன். அதே சுருளில் நல்ல படம் இரண்டு ஃபிரேம் தள்ளி உட்கார்ந்திருந்தது.

இன்றிரவே கொடுத்தாக வேண்டும் என்றால், கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து உங்களுக்காக மறுபடி ஒருமுறை பாருங்கள். பாட்டைப் போடாமல் பாருங்கள்.

கிராப் செய்வதை, அதாவது ஓரங்களை வெட்டிச் சுருக்குவதை, மனதில் வைத்துத் தேர்ந்தெடுக்கலாமா?

தாராளமாக. எல் வடிவத்தில் வெட்டிய இரண்டு அட்டைத் துண்டுகளைப் படத்தின் மேல் நகர்த்தி, எந்தச் சட்டத்தில் படம் இறுகுகிறது என்று பார்ப்பது பழைய முறை. புளூ நோட் நிறுவனத்தின் ஜாஸ் அட்டைகள் இதற்குப் பாடம். பிரான்சிஸ் வுல்ஃப் ஒலிப்பதிவுக் கூடத்திலேயே இசைஞர்களை எடுத்தார். 1950களின் நடுவிலிருந்து ரீட் மைல்ஸ் அந்தப் படங்களை ஈவிரக்கமில்லாமல் வெட்டி, எழுத்தோடு சேர்த்து அட்டையாக்கினார். முழு ஃபிரேமில் அடக்கமாக இருக்கும் ஒரு படம், அவர் வெட்டில் ஒரு கண்ணும் ஒரு கருவியுமாக எகிறி நிற்கும்.

ஆல்பம் அட்டைக்கு என்றால் சதுரத்தில் அடங்குமா என்றும், எழுத்து வைக்க வெற்றிடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பத்திரிகை அட்டைக்கு நெடுக்குவாட்டுப் படம், தலைக்கு மேலே இடம். ஷீட்டில் மிகச் சிறந்த படம் இதனாலேயே தோற்பதும் உண்டு.

கடைசி முடிவு யாருடையது?

ஒருவருடையது இல்லை. மேலே சொன்ன மூன்று அட்டைகளிலும் படத்தை முடிவு செய்தது எடுத்தவர் அல்ல என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

நடக்கும் கூத்துக்கும் குறைவில்லை. கிராஸ்பி, ஸ்டில்ஸ் அண்ட் நாஷ் குழுவின் 1969ஆம் ஆண்டு முதல் ஆல்பத்துக்கு, ஆளில்லாத ஒரு பழைய வீட்டு வாசலில் கிடந்த சோபாவில் மூவரையும் உட்காரவைத்து ஹென்றி டில்ட்ஸ் படம் எடுத்தார். அப்போது குழுவுக்குப் பெயர் முடிவாகவில்லை. முடிவான பிறகு பார்த்தால், உட்கார்ந்த வரிசை நாஷ், ஸ்டில்ஸ், கிராஸ்பி; பெயருக்கு நேர் தலைகீழ். திரும்ப எடுக்கலாம் என்று போனால் வீட்டையே இடித்துவிட்டிருந்தார்கள். முதலில் எடுத்த படமே அட்டைக்குப் போனது.

படத்தில் இருப்பவருக்கு மறுக்கும் உரிமை தருவதும் வழக்கம்தான். நடிகை மர்லின் மன்றோ 1962இல் பெர்ட் ஸ்டெர்ன் எடுத்த படங்களில் பிடிக்காதவற்றின் மேல் பெருக்கல் குறி போட்டுத் திருப்பி அனுப்பினார். பின்னாளில் அந்தப் படங்கள் குறியோடேயே வெளிவந்தன, புகழும் பெற்றன. அது நியாயமா என்பது வேறு கேள்வி. என்னைக் கேட்டால், வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் வேண்டாம்தான்.

எத்தனை படம் கொடுப்பது?

கேட்டதைவிடக் கொஞ்சம் குறைவாக. பெரிய நிகழ்ச்சிகளில் முதல் மூன்று பாட்டுக்கு மட்டும், ஃப்ளாஷ் இல்லாமல் எடுக்க அனுமதிப்பது பரவலான விதி. அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் உண்மையிலேயே வேறு வேறான நல்ல படம் பத்து கிடைத்தாலே அதிகம். நாற்பது கொடுத்தால், எடிட்டர் அந்த நாற்பதில் மோசமானதைப் போடுவார். இதில் எனக்கு அனுபவம் உண்டு.

குறி போட ஏதாவது முறை இருக்கிறதா?

ஷீட்டில் எழுத மெழுகுப் பென்சில். சிவப்பு அல்லது மஞ்சள். பளபளப்பான தாளிலும் பிடிக்கும், துணியால் துடைத்தால் போய்விடும். முதல் சுற்றுக்கு ஓரத்தில் ஒரு புள்ளி, இரண்டாவதற்கு இன்னொரு புள்ளி, கடைசியாக மிஞ்சியதைச் சுற்றி ஒரு கட்டம். கட்டத்திலேயே கிராப் கோட்டையும் போட்டுவிடலாம். ஃபிலிம் ஓரத்தில் அச்சாகியிருக்கும் ஃபிரேம் எண்ணைத் தனியாகக் குறித்துவையுங்கள்.

கணினியில் நட்சத்திரமும் நிறப் பட்டையும் அதே வேலையைச் செய்யும். நிகழ்ச்சி எடுப்பவர்கள் பலர் போட்டோ மெக்கானிக் என்ற மென்பொருளை வைத்திருப்பதற்குக் காரணம் வேகம்: கேமரா பதிந்த மூலத் தரவான ரா கோப்பை முழுக்கத் திறக்காமல், அதற்குள் பொதிந்திருக்கும் ஜேபெக் படத்தை எடுத்துக் காட்டிவிடும். முதல் சுற்றில் ஒன்றுக்கு மேல் நட்சத்திரம் போடாதீர்கள். ஐந்து நட்சத்திரத்தில் தொடங்கினால் ஏற இடம் இருக்காது.

தள்ளியவற்றை அழித்துவிடலாமா?

இமை பாதி மூடியதையும் தரையைப் பிடித்ததையும் அழியுங்கள். மற்றவற்றை வையுங்கள். இன்று ஓரத்தில் நிற்பவர் என்று தள்ளிய கிட்டார்காரர் பத்து வருடம் கழித்துத் தனிக்குழு தொடங்கியிருப்பார். அரங்கமே இல்லாமல் போயிருக்கும். வாசித்தவர் மறைந்திருப்பார், அப்போது அவர் சும்மா சிரித்துக்கொண்டு சுருதி சேர்க்கும் ஃபிரேமைத்தான் வீட்டார் கேட்பார்கள்.

இசை தெரியாதவரால் நல்ல படத்தைத் தேர்ந்தெடுக்க முடியுமா?

எடுப்பதற்கு இசை தெரிந்திருப்பது நல்லது. டிரம்மர் எப்போது கையை ஓங்குவார், பாடகர் எந்த வரியில் பின்னால் சாய்வார் என்பது பாட்டு தெரிந்தவருக்கு முன்கூட்டியே தெரியும். தேர்ந்தெடுக்கும்போது அதே அறிவு கொஞ்சம் தடையாகவும் ஆகும். எது எவ்வளவு கஷ்டமான இடம் என்று தெரிவதால், கஷ்டத்துக்கு மதிப்பெண் போட ஆரம்பித்துவிடுவோம்.

நான் செய்வது இது. எனக்குத் தோன்றியதைக் குறித்து முடித்த பிறகு, குறியில்லாத இன்னொரு பிரதியை, நிகழ்ச்சிக்கு வராத யாரிடமாவது கொடுத்து ‘எதில் சத்தம் கேட்கிறது?’ என்று மட்டும் கேட்பேன். வேறு எதுவும் சொல்லமாட்டேன். அவர்கள் அதிகம் யோசிப்பதில்லை, ஒன்றில் விரலை வைத்துவிடுவார்கள். பாதி நேரம் அது நான் குறித்த ஃபிரேமாக இருக்காது. லூப்பை எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிடுவேன்.